உப்புமா போட்ட கோலம்

என் வகுப்பில் உப்புமா என்று ஒரு பெண் இருந்தாள். அந்தப் பெயரை நான் வைக்கவில்லை, அவளைப் பெற்றவர்களும் வைக்கவில்லை. வேறு யாரும் சீண்டாமல் மிச்சம் கிடந்ததால் அவள் எடுத்துக்கொண்ட பெயர் அது.

மயிலாப்பூரில் கோயில் குளத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஒரு பள்ளியில் நான் கம்ப்யூட்டர் டீச்சர். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து ஒரு இணையதளம் செய்யட்டும், உலகமே பார்க்கட்டும் என்று ஸ்டாஃப் மீட்டிங்கில் சும்மா இருக்காமல் வாயைக் கொடுத்தேன். "நல்ல யோசனை, நீங்களே செஞ்சிடுங்க" என்று தலைமையாசிரியை ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு எல்லா வேலையும் இப்படித்தான் வந்து சேர்கிறது.

சொன்ன பிறகுதான் யோசித்தேன். உலகம் என்றால் அதில் எல்லா வகை ஆட்களும் உண்டே. அதனால் முதல் வகுப்பிலேயே போர்டில் சட்டதிட்டங்களை எழுதிப் போட்டேன். யாருடைய பெயரும் வரக் கூடாது. முகம் தெரியக் கூடாது. சீருடை, போன் நம்பர், வண்டி நம்பர், வீட்டு நம்பர், எதுவும் கூடாது. பாஸ்வேர்டை உயிர்த் தோழிக்குக்கூடச் சொல்லக் கூடாது. பாதி வகுப்பு ஒரே பாஸ்வேர்டை வைத்திருக்கிறது என்பதும், ஒருவன் தன்னுடையதை ஐ.டி. கார்டின் பின்பக்கம் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி மாட்டிக்கொண்டு திரிகிறான் என்பதும் அடுத்த வகுப்பில்தான் தெரிந்தது. கத்தினேன். எனக்குக் கத்த வரும். அந்த விஷயத்தில் பள்ளியில் எனக்கு நல்ல பெயர்.

சொந்தப் பெயர் கூடாது என்றால் வேறு பெயர் வேண்டுமே. ஆளுக்கொரு பலகாரத்தின் பெயரை எடுத்துக்கொள்ளலாம் என்று அவர்களே முடிவு செய்தார்கள். நெய் ரோஸ்ட்டுக்குப் பெரிய அடிதடி, கடைசியில் பூவா தலையா போட்டோம். ஃபில்டர் காபி பலகாரமே இல்லை என்று ஒரு கோஷ்டி சண்டை பிடித்தது. பொடி இட்லி, அக்கார அடிசில், மெதுவடை எல்லாம் மளமளவென்று போயின. எனக்கு வகுப்பு ஒருமனதாக மிளகாய்ப் பொடி என்று பெயர் வைத்தது. எல்லாம் முடிந்து பார்த்தால் ஜன்னலோரத்துப் பெண் மட்டும் ஒன்றும் எடுக்கவில்லை. "என்னம்மா மிச்சம் இருக்கு?" என்று கேட்டேன். "உப்புமா இருக்கு மிஸ். எனக்கு அதே போதும்" என்றாள்.

அவள் அந்த வருடம்தான் எங்கள் பள்ளிக்கு வந்திருந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், அப்பாவுக்கு தி. நகரில் பாத்திரக் கடை. பேச்சில் ஊர் வாசனை அடித்தது. அதைச் சொல்லி யாராவது சிரித்துவிடுவார்களோ என்று வாயையே திறக்க மாட்டாள். மற்ற பிள்ளைகள் எல்.கே.ஜி.யிலிருந்து ஒன்றாக வளர்ந்தவர்கள், அவர்களுக்குள் புதிதாக ஒருத்தி நுழைய இடமே இல்லை. மதியம் தனியாகத்தான் டப்பாவைத் திறப்பாள். எனக்குப் பார்க்கவே என்னவோ போலிருக்கும். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் போய் "இவளோடு சேர்ந்து சாப்பிடுங்கள்" என்று கத்தினால் காரியம் இன்னும் கெடும் என்கிற அளவுக்கு எனக்கும் புத்தி உண்டு.

மார்கழி பிறந்ததும் அவள் ஒரு பக்கம் தொடங்கினாள். காலையில் அம்மாவோடு கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் வாசல்களில் கோலம். அவர்கள் குடியிருப்பதோ அடுக்குமாடி, காரிடாரை நனைக்கக் கூடாது, மாவு சிந்தக் கூடாது என்று அசோசியேஷன் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. தான் போட வழியில்லாத கோலத்தையெல்லாம் அவள் அம்மாவின் போனில் படம் எடுத்தாள். தெரு வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு வரி எழுதினாள். "இன்று சிக்குக் கோலம். கோடு எங்கேயும் நடுங்கவில்லை." "பூசணிப்பூ இருந்தது. மாடு தின்றுவிட்டது." "இன்று கோலம் இல்லை."

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது வகுப்பே அந்தப் பக்கத்தை மொய்த்தது. "உப்புமா, எங்க தெருவுக்கு வரவே இல்லியே?" "எங்கம்மா போட்ட மயிலைப் போடுடி." படங்கள் குவிந்தன, அவள் தணிக்கை அதிகாரி மாதிரி உட்கார்ந்து பார்த்தாள். மதியச் சாப்பாட்டுக்கு அவள் பெஞ்சில் இடம் பிடிக்கப் போட்டி. வாய் திறந்தது, ஊர்த் தமிழும் கூடவே வந்தது, யாரும் சிரிக்கவில்லை. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்துக்கு அளவே இல்லை. சட்டப்படியும் எல்லாம் சுத்தம். முகம் இல்லை, பெயர் இல்லை, வாசலில் நின்ற ஸ்கூட்டர்களின் நம்பரைக்கூடப் பூப்படம் ஒட்டி மறைத்திருந்தாள். தெருப் பெயர் இருந்தது. இருந்தால் என்ன, ஒரு தெருவில் எத்தனையோ வீடு என்று விட்டுவிட்டேன்.

பொங்கலுக்கு முந்தின வாரம், அக்கார அடிசிலின் அம்மா நேராகத் தலைமையாசிரியை அறைக்கு வந்தார். என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். அபிராமபுரத்தில் பல காலமாக இருக்கும் குடும்பம் அவர்களுடையது.

"மிஸ், நாங்க பெருங்குடில என் தங்கை ஆத்துக்குப் போயிருந்தோம். அவ பொண்ணுக்குப் பிரசவம். பெங்களூர்லேருந்து என் ஓர்ப்படி போன் பண்ணி, 'ஆத்தைப் பூட்டிண்டு எல்லாருமா எங்க போயிருக்கேள்?'னு கேக்கறா. உனக்கெப்படித் தெரியும்னேன். 'உம் பொண்ணு அனுப்பின லிங்க்லதான் போட்டிருக்கே, நாலஞ்சு நாளா உங்க வாசல்ல கோலம் இல்லைன்னு. பச்சை கேட்டைப் பார்த்தா எனக்குத் தெரியாதா'ங்கறா. பெங்களூர்ல இருக்கறவளுக்கே தெரியறதுன்னா, தெருவைச் சுத்திண்டு திரியற திருடனுக்குத் தெரியாதா?"

மயிலாப்பூர்ப் பக்கம் மார்கழியில் வாசலில் கோலம் இல்லையென்றால் வீட்டில் ஆள் இல்லை, அல்லது ஏதோ சரியில்லை என்று அர்த்தம். அது கோயில் தெருவில் நடக்கிற எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்தும், எந்தத் தெருவில் எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது என்பதை நாளுக்கு நாள் படத்தோடு உலகத்துக்கு அறிவித்துக்கொண்டிருந்தோம். பெயர் இல்லை, முகம் இல்லை என்ற பெருமை வேறு.

"இன்னொண்ணும் சொல்லிடறேன்" என்றார் அந்த அம்மா, கொஞ்சம் குரலைத் தாழ்த்தி. "போன வாரம் எங்காத்துக் கோலத்துக்குக் கீழே 'சின்னது, அவசரமாகப் போட்டது போல'ன்னு எழுதியிருக்கா. எனக்கு முட்டி வலி மிஸ். அவசரமெல்லாம் ஒண்ணும் இல்லை."

அவர் போனதும் தலைமையாசிரியை காலண்டரைப் பார்த்தார். "பொங்கல் லீவுக்குள்ள சரி பண்ணுங்க. முடியலைன்னா மொத்தமா மூடிடலாம்" என்றார்.

லேபுக்குப் போய் முதலில் அந்தப் பக்கத்தை வெளியில் தெரியாதபடி மறைத்தேன். பிறகு நடந்ததை வகுப்பில் சொன்னேன். கத்தவில்லை. நான் கத்தாததுதான் அவர்களைப் பயமுறுத்தியிருக்க வேண்டும். உப்புமாவின் முகம் செத்துவிட்டது. பெல் அடித்து எல்லாரும் போன பின் என் மேஜைக்கு வந்தாள்.

"என் பக்கத்தை அழிச்சிருங்க மிஸ். என்னையும் எடுத்துருங்க. என்னால எல்லாருதும் போயிரக் கூடாது."

பக்கத்தை அழிப்பது ஒரு பட்டனை அழுத்தும் வேலை. ஆனால் அதை அழுத்தினால் இவள் மறுபடி ஜன்னலோரம் போய்விடுவாள், டப்பாவைத் தனியாகத் திறப்பாள், வாயை மூடிக்கொள்வாள். அது எனக்குப் பட்டப்பகல் போலத் தெரிந்தது. என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. பேச்சை வளர்க்க வேண்டும் என்பதற்காக, "உனக்கு இந்த வாசல் விவகாரமெல்லாம் எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"பாத்தாத் தெரியும்லா மிஸ். முந்தின நாள் கோலம் அப்படியே கெடந்தா ஆள் இல்ல. சாயங்காலமும் பெரிசாப் போட்டிருந்தா விருந்தாளி வந்திருக்காவ. ஒரே வாசல்ல ஓரமா இன்னொரு கோலம் தனியா இருந்தா, மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சுவார்த்தை இல்ல."

நான் அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். அவளுக்கும் அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்தது. இந்த ஊரில் ஒரு மனிதரைத் தெரியாமல் வந்து இறங்கியவள், வாசல்களைப் பார்த்தே ஊரைப் படித்திருக்கிறாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் பக்கங்களை இவ்வளவு நாள் நாங்களே எழுதி, நாங்களே படித்து, நாங்களே சரி என்றோம். வெளியாள் ஒருவன் படித்தால் என்ன தெரிந்துகொள்வான் என்று பார்க்க எங்களில் யாராலும் முடியவில்லை. இவளால் முடியும்.

மறுநாள் என் சுழல் நாற்காலியை வகுப்பின் நடுவில் போட்டு அவளை உட்கார வைத்தேன். "இவள் இப்போது உப்புமா இல்லை. ஊர் பேர் தெரியாத ஒரு ஆள். உங்கள் பக்கங்களைப் படித்து உங்களைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள முடியும் என்று சொல்லப் போகிறாள்" என்றேன். நாற்காலியின் நுனியில் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு பக்கமாகப் பெரிய திரையில் காட்டினேன்.

முதலில் நெய் ரோஸ்ட்டின் பூனைப் பக்கம். பூனைக்குச் சாயங்காலம் பால் ஊற்றுவது பற்றி உருக்கமாக எழுதியிருந்தாள். உப்புமா தயங்கித் தயங்கி, "அம்மா வர்ற வரைக்கும் நானும் பூனையும் மட்டும்தான்னு எழுதியிருக்க. அப்போ ஸ்கூல் விட்டதும் வீட்ல நீ தனியாத்தான் இருக்க" என்றாள். அடுத்து ஃபில்டர் காபியின் பக்கம். செவ்வாய்தோறும் கீபோர்டு கிளாஸ் முடிந்து தேனாம்பேட்டை சிக்னலில் ஷேர் ஆட்டோவுக்கு நிற்பதைப் பற்றி நகைச்சுவையாக எழுதியிருந்தான். "செவ்வாக்கிழமை சாயங்காலம் இவன் எங்க நிப்பான்னு எனக்குத் தெரியும்" என்றாள், இப்போது தயக்கம் குறைந்திருந்தது.

"இன்னா மிஸ் இது, சி.ஐ.டி. கணக்கா கேக்குது!" என்று பின் பெஞ்சிலிருந்து மெதுவடை கூவினான்.

"உங்களுதும் பாக்கணும் மிஸ்" என்றாள் உப்புமா. என் முகப்புப் பக்கத்தில் ஒரு குறையும் இருக்காது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு காட்டினேன். எங்கள் லேப் ஜன்னலிலிருந்து கோபுரத்தின் பின்பக்கம் தெரியும், கீழே வெண்ணெய்க் கடையிலிருந்து நெய் உருக்கும் வாசனை வரும் என்று ரசித்து ரசித்து எழுதியிருந்தேன். ஒரு நிமிடம் படித்தாள். "மிஸ், கோபுரத்துக்குப் பின்னாடி, வெண்ணெய்க் கடைக்கு மேல. இதை வச்சு நம்ம ஸ்கூலை யாரும் கண்டுபிடிச்சிரலாமே" என்றாள்.

வகுப்பு கூரை பிய்ந்துபோகும்படி ஆர்ப்பரித்தது. மிளகாய்ப் பொடி மாட்டிக்கொண்டதில் அவர்களுக்கு அவ்வளவு ஆனந்தம். நான் அந்த வரிகளை அவர்கள் கண் முன்னாலேயே அழித்தேன். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, நல்ல வரிகள்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. எந்தப் பக்கமும் வெளியே போகுமுன் யாராவது ஒருவர் அந்த நாற்காலியில் வெளியாளாக உட்கார்ந்து படிக்க வேண்டும். போர்டில் நான் எழுதிப் போட்ட சட்டங்கள் செய்யாததை நாற்காலி செய்தது. உட்கார்ந்தவர்கள் எல்லாரும் மோப்பம் பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

கோலப் பக்கம்தான் பாக்கி. தன் பக்கத்தைத் தானே வெளியாளாக உட்கார்ந்து படித்தாள் உப்புமா. தெருப் பெயர்கள் போயின, தேதிகள் போயின, "இன்று கோலம் இல்லை" எல்லாம் போயிற்று. படங்களை ஓரம் வெட்டிப் பார்த்தோம், அப்போதும் ஒன்றில் படி தெரிந்தது, ஒன்றில் பச்சை கேட்டின் கால் தெரிந்தது.

"வாசலே வேண்டாம் மிஸ். கோலம் மட்டும் போதும். நாமளே போட்டுப் படம் எடுப்போம்" என்றாள்.

லேபுக்கு வெளியே நீளமான சிமென்ட் வராந்தா. தலைமையாசிரியை அனுமதி கொடுத்தார், எறும்பு வந்தால் நாங்களே கூட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. அடுத்த இரண்டு மூன்று நாளும் எட்டாம் வகுப்பு தரையில்தான் இருந்தது. பையன்கள் வைத்த புள்ளிகள் மழைக்கு ஒதுங்கிய கூட்டம் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்தன. உப்புமா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அழிக்கச் சொன்னாள். அழித்தார்கள்! நான் சொன்னால்கூட அவ்வளவு சீக்கிரம் கேட்க மாட்டார்கள். அக்கார அடிசிலின் அம்மா விஷயம் கேள்விப்பட்டு, தான் போடும் பெரிய சிக்குக் கோலத்தைச் சொல்லித்தரத் தானே வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தபடி, "வளைச்சுண்டு போ, வளைச்சுண்டு போ, கையை எடுக்காதே" என்று உத்தரவு போட்டார். முட்டி வலியைப் பற்றி உப்புமா கேட்டு விசாரித்தாள். அத்தோடு அந்தப் பகை தீர்ந்தது.

பெஞ்சு மேல் ஏறி நின்று படம் எடுத்தோம். படத்தில் தரையும் கோலமும் மட்டும். கீழே எத்தனை புள்ளி, எங்கே தொடங்குவது, கோடு எப்படிப் போகும் என்ற விவரம். தலைமையாசிரியை நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றி இறக்கி, பக்கம் பக்கமாகப் பார்த்தார். "எனக்கு ஒண்ணுமே கண்டுபிடிக்க முடியலையே" என்றார். அவர் வாயிலிருந்து அப்படியொரு பாராட்டை நான் கேட்டதில்லை. பொங்கல் லீவு விடுவதற்கு முன் பக்கம் மறுபடி வெளியே வந்தது.

லீவு முடிந்து பெற்றோர் கூட்டம். உப்புமாவின் அப்பா கடையை ஆளிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, பையில் புதுப் பேனா. மகள் பக்கத்தில் நின்றாள்.

"வீட்ல ஒரு மாசமா இதே பேச்சுதான் டீச்சர். கடைக்கு வாரவங்க கிட்டல்லாம் சொல்லி வச்சிருக்கேன், எம்பிள்ளை நெட்ல வரப் போகுதுன்னு. பேரு எங்க போட்டிருக்கு, காட்டுங்க."

பெயர் போட மாட்டோம் என்று விளக்கினேன். ஏன் என்றும் விளக்கினேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார், முகம் மட்டும் வாடிக்கொண்டே போனது. "அப்போ இதுல யாரோ உப்புமான்னு இருக்கே, அது யாரு?"

நான் மகளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"எம்பிள்ளைக்கு உப்புமான்னா பேரு?" என்றார். கோபமில்லை, மனத்தாங்கல். அது கோபத்தைவிட மோசம். திரையில் கோலங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தக் கோலத்தை யார் போட்டது என்று எதிலும் எழுதவில்லை, மொத்தப் பக்கமும் உப்புமாவின் பொறுப்பு என்று மட்டும் இருந்தது. ஒரு கோலம் வந்ததும் கை நின்றது. ஒன்றும் பெரிதில்லை, நடுத்தரமான ஒரு தாமரை.

"இது இவ போட்டது" என்றார்.

எனக்கே தெரியாது. "எப்படிச் சொல்றீங்க?" என்றேன்.

"கோடு முடியுற எடத்துல உள்ளாற ஒரு சுழி சுழிக்கா பாருங்க. இவ அம்மை பூஜை அலமாரி முன்னால தெனமும் போடுதா, இப்படித்தான் சுழிப்பா." மகளைப் பார்த்தார். "நீதான?"

அவள் தலையாட்டினாள். அவர் அந்தத் தாமரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆனா வேற யாருக்கும் தெரியாதே" என்றார்.

"உங்களுக்குத் தெரிஞ்சுதுல்லாப்பா" என்றாள் அவள்.

நான் அடுத்த பெற்றோரைச் சத்தமாகக் கூப்பிட்டுச் சமாளித்தேன்.

சில வாரங்கள் கழித்து எனக்கு ஒரு இட்லிக் குண்டான் வாங்க வேண்டியிருந்தது. தி. நகரில் அந்தக் கூட்டத்தில் நீந்தி அவருடைய கடைக்குப் போனேன். உள்ளே நுழையும்போது அவர் கல்லாவில் உட்கார்ந்து ஒரு வாடிக்கையாளர் அம்மாவிடம் போனைக் காட்டிக்கொண்டிருந்தார். திரையில் தாமரை.

"அழகா இருக்குங்க. யார் போட்டது?" என்று அந்த அம்மா கேட்டார்.

"அது சொல்லக் கூடாதும்மா. ரூல்ஸு" என்றார் அவர், முகமெல்லாம் பல்லாக. "சொன்னா பிள்ளையளுக்குப் பாதுகாப்பு இல்ல."

"உங்க பொண்ணா?"

"நான் அப்படிச் சொல்லவே இல்லியே" என்று சிரித்தார். அப்போதுதான் வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். பதறி எழுந்து போனைச் சட்டைப் பையில் போட்டார்.

"நான் சொல்லல டீச்சர். நீங்களே காதால கேட்டியள்லா."

கேட்டேன் என்றேன். குண்டான் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.